முப்பது வயசுக்காரிக்குத்தான் முதல் அழைப்பு!

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினால், நம் பக்கத்தில் யார் போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா சகோதரிகளே? மாமியார் போகிறார். மருமகள் போவதில்லை. "அதெல்லாம் வயசானவங்களுக்குத்தானுங்க, எனக்கென்ன வந்திருச்சு இப்போ?" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்.

தாராபுரத்திலிருந்தும், குண்டடம், மூலனூர் பக்கத்திலிருந்தும் விடிந்தும் விடியாமலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன்களை நாம் தினமும் பார்க்கிறோம். உள்ளே இருப்பவர்களில் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பரிசோதனையால் அதிகம் பிழைக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். சும்மா என் அபிப்பிராயமாக இதைச் சொல்லவில்லை. நம் பக்கத்து மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை வருஷக்கணக்கில் கவனித்து எடுத்த கணக்கு இது. உலகமெல்லாம் இதைப் பேசினார்கள். நம் ஊரில்தான் யாரும் பேசக் காணோம்!

ஒட்டன்சத்திரம் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அம்பிளிக்கை தெரிந்திருக்கும். அங்குள்ள கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சு நாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து 2000-ஆம் வருஷம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. முன்நின்று நடத்தியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். அப்போது நம் தாராபுரம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-இல்தானே. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் நம்மை யாரும் கூப்பிடவில்லை.

அவர்கள் செய்தது இதுதான். மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரை உள்ள, நோய் எதுவும் தெரியாத பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57 பகுதிகளில் வழக்கமாக என்ன வைத்தியம் கிடைக்குமோ அதோடு விட்டுவிட்டு, யாருக்கு நோய் வருகிறது, யார் இறக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

பரிசோதனை என்றதும் ஏதோ பெரிய மெஷின் என்று பயப்பட வேண்டாம். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் இருக்கிறதல்லவா, அந்த ஜாதி அமிலம்தான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கிறார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சு போதும். வெள்ளையாகத் தெரிந்தவர்களை மேலும் சோதித்து, தேவைப்பட்டால் அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்துவிடுகிறார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கிள்ளி எறிகிற வேலை இது. என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது கள்ளிமந்தயம் பக்கம். "கத்தியுமில்லெ ஊசியுமில்லெ, செத்த நேரத்துல எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்குப் போயி நாலு நாளு தூக்கமில்லாம கெடந்தேன்" என்று தான் சோதித்துக்கொண்ட கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! அழைக்கப்பட்ட பகுதிகளில் 49,311 பெண்கள். அழைக்கப்படாத பகுதிகளில் 30,958 பெண்கள். 2006 வரை பார்த்ததில், அழைக்கப்பட்ட பக்கம் இந்த நோயால் இறந்தவர்கள் 83 பேர். மற்ற பக்கம் 92 பேர். 83-க்கும் 92-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முதல் பக்கத்தில்தான் தலைக்கட்டு அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதையெல்லாம் சரிக்கட்டிப் பார்த்தால் சாவு 35 சதவீதமும், நோய் வருவது 25 சதவீதமும் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அழைத்தவர்களில் எல்லோரும் வந்துவிடவில்லை. வந்து சோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர்தான். வராதவர்களையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் இந்தப் பலன்! 2007-இல் இங்கிலாந்தின் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

சோதனை செய்யாமல் விட்ட கிராமத்துப் பெண்களுக்கு இது நியாயமா என்று மருத்துவ தர்மம் பேசுகிறவர்கள் பின்னால் கேட்டார்கள். கேட்டது சரிதான் என்றே எனக்கும் படுகிறது. அந்த 92 பேரும் யாரோ ஒருவருக்கு அம்மா, யாரோ ஒருவருக்கு அக்கா. அவர்களை வைத்துத் தெரிந்துகொண்டதை நாம் சும்மா போட்டு வைத்திருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். ஆய்வு செய்தவர்கள் மொத்தக் கணக்கோடு நிற்கவில்லை. வயது வாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். 30-லிருந்து 39 வரை உள்ள பெண்களிடம்தான் பலன் எல்லாரையும் விட அதிகம்: நோய் வருவது 38 சதவீதம் குறைவு, சாவு 66 சதவீதம் குறைவு. அதாவது, சாக வேண்டிய மூன்று பேரில் இரண்டு பேர் பிழைத்த மாதிரி. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அப்படியொரு பலன் தெரியவில்லை.

ஏன் இப்படி? இந்த நோய் நேற்று வந்து இன்றைக்குக் கொல்கிற ரகமல்ல. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி தொற்றி, அது போகாமல் தங்கிவிட்டால், பத்து இருபது வருஷம் எடுத்துக்கொண்டு மெதுவாக வளர்கிறது. முப்பதுகளில் பார்த்தால் அது இன்னும் வெறும் வெள்ளைத் திட்டு. உறைய வைத்தால் ஒழிந்தது. இன்னொன்று, மாதவிலக்கு நிற்கிற வயதில் நோய் ஆரம்பிக்கிற அந்த இடம் கர்ப்பப்பை வாய்க்கு உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். எவ்வளவு கெட்டிக்கார நர்சாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது? அதனால் வயதான அம்மாக்கள் வினிகர் சோதனையில் "ஒண்ணுமில்லைம்மா" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ஹெச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைதான் பொருத்தம். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முகாமுக்குக் காத்திருக்காமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

அந்தக் கிருமிச் சோதனையின் பலனும் நம் நாட்டில்தான் நிரூபணமானது. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டம் (இப்போது தாராஷிவ் என்று பெயர்) கிராமங்களில் 1,31,746 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2009-இல் வந்தது. ஒரே ஒரு தடவை ஹெச்.பி.வி. சோதனை செய்த கிராமங்களில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில் வினிகர் சோதனைக்குச் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை! திண்டுக்கல்லில் வேலை செய்தது அங்கே ஏன் செய்யவில்லை? வினிகர் சோதனை பார்க்கிறவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பி நிற்பது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் பத்தாவது படித்த பெண்களுக்கே நன்றாகப் பயிற்சி கொடுத்து, இரண்டு வருஷத்துக்கொரு தடவை என்று நாலு தடவை சோதிக்க வைத்தபோது சாவு 31 சதவீதம் குறைந்தது. ஆக, முகாமுக்குப் போனால் "என்ன சோதனைங்க இது? வினிகரா, ஹெச்.பி.வி.யா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. புடவை எடுக்கப்போனால் நூலை இழுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கிற நாம், இதற்குக் கேட்கக் கூடாதா?

யார் யாருக்கு என்பதில் நம் பெண்களிடம் இன்னும் சில குழப்பங்கள் இருக்கின்றன. "நான் கு.க. ஆபரேஷன் பண்ணிட்டேனுங்க, எனக்கு வராது" என்பது ஒன்று. அது குழந்தை உண்டாகாமல் இருக்கத்தான். கர்ப்பப்பை வாய் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, சோதனை வேண்டும். வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. என்ன எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்.ஐ.வி. உள்ள சகோதரிகளுக்குக் கணக்கே வேறு. அவர்களிடம் இந்த நோய் சீக்கிரம் வளரும் என்பதால், மற்றவர்களுக்கு 30 வயது, அவர்களுக்கு 25 வயது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஹெச்.பி.வி. சோதனை என்றால் மற்றவர்களுக்கு 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு தடவை. அவர்களுக்கு 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை.

பெண் பிள்ளைகளுக்கு இருக்கவே இருக்கிறது தடுப்பூசி. அதிலும் வயதுதான் பேசுகிறது. சுவீடன் நாட்டில் சுமார் 17 லட்சம் பெண்களைக் கணக்கெடுத்து 2020-இல் சொன்னார்கள்: 17 வயதுக்கு முன் போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு, 17-க்குப் பிறகு போட்டவர்களிடம் 53 சதவீதம்தான் குறைவு. கிருமி வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். வந்த கிருமியை ஊசி விரட்டாது. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதச் சீட்டு வந்தால் 'எதுக்கு இந்த வயசுல' என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மகளுக்கு ஊசி, அம்மாவுக்குச் சோதனை. இரண்டையும் மாற்றிப் போட முடியாது.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த முப்பது வயது மருமகள் ஏன் போவதில்லை? அறியாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது சுலபம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முகாம் நடப்பது வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அவள் ஓவர்லாக் மெஷினிலோ, செக்கிங் டேபிளிலோ இருக்கிறாள். பீஸ் ரேட்டில் தைப்பவள் அரை நாள் எழுந்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். நான் முன்பு செக்கிங்கில் இருந்த கம்பெனியில் ஒரு தடவை மருத்துவ முகாம் வைத்தார்கள். பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். கர்ப்பப்பை சோதனை உண்டா என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் மறைப்பு வேணும், ரூம் வேணும்மா, இங்கே எங்கே போறது?" என்றார் சூப்பர்வைசர். நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்கிற கட்டடத்தில் கதவு வைத்த ஓர் அறை கிடைக்கவில்லையாம்!

அந்த ஆய்வை நடத்தியவர்கள் நர்சைப் பெண்களிடம் கொண்டுபோனார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமையில் ஊருக்குள் முகாம். இல்லையென்றால் கம்பெனிக்குள்ளேயே, சம்பளம் பிடிக்காமல். ஹெச்.பி.வி. சோதனையில் இன்னொரு சௌகரியமும் உண்டு: மாதிரியை மறைவிடத்தில் அவரவரே எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கொண்ட முறை. கூச்சத்தால் தயங்குகிற பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

போன மாதம் எங்கள் தெருவில் வேன் ஏறுகிற பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். பதினோரு பேரில் சோதித்துக்கொண்டவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் இந்தத் திண்டுக்கல் கணக்கைச் சொன்னபோது, முப்பத்திநாலு வயதுப் பெண் ஒருத்தி, "ஏனுங்கக்கா, அவ்வளவு பக்கத்துலயா நடந்துச்சு? எங்கிட்ட யாருமே சொல்லலீங்களே!" என்றாள். அவளும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நர்சு வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கேட்பதாக இருக்கிறார்கள். மனு எழுதுகிற வேலை என் தலையில். காங்கயம், பல்லடம், அவினாசி பக்கத்துச் சகோதரிகள் யாராவது இப்படி ஞாயிறு முகாம் கேட்டு வாங்கியிருந்தால், யாரிடம் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று இதே பகுதிக்கு எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, தாராபுரம்.