அரசியல் அறிவியல் மாணவரும் கழகச் செயற்பாடும்

அரசியல் அறிவியல் பயில்வோர் அதிகாரம், சார்பாண்மை, அரசமைப்பு ஆகிய கருத்தாக்கங்களை விரிவுரைக் கூடத்தில் அறிகின்றனர். அவை நடைமுறையில் இயங்குவதை அவர்கள் நேரில் காணும் முதற்களம் மாணவர் கழகமாகும். மலேசியாவில் இக்களம் நெடுங்காலம் அச்சம் சூழ்ந்ததாகவே இருந்தது. அதற்கான காரணத்தை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பாலிங் வட்டார ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களின் வறுமையை முன்னிட்டு 1974-ஆம் ஆண்டு டிசம்பரில் மாணவர் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. அவற்றையடுத்து 1975-ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் செயற்பாடுகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

2010-ஆம் ஆண்டு உலு சிலாங்கூர் இடைத்தேர்தற் களத்தில் காணப்பட்டமைக்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்நால்வரும் அரசியல் அறிவியல் மாணவர் என்பது இங்குக் கருதத்தக்கது. அரசியற் கட்சிகளுக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதைத் தடுத்த 15(5)(அ) பிரிவு, அரசமைப்பின் 10-ஆம் விதி வழங்கும் பேச்சுரிமைக்கு முரணானது என மேல்முறையீட்டு நீதிமன்றம் 31.10.2011 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் கட்சியில் சேர்வதற்கு வழிவகுத்தது. வளாகத்தினுள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நீக்கியது. வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டமை 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் தளர்ந்தபின்னும், 'படிப்பு முடியட்டும். கழகம் பிறகு' என்னும் அறிவுரை நம் இல்லங்களில் ஓயவில்லை. கழகத்தில் கிட்டும் பயிற்சியோ பாடத்திற்குப் புறம்பானதன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை முன்வைத்து உறுப்பினர் வினாக்களுக்கு விடையிறுக்கும் பொருளாளர், பொறுப்புடைமை என்னும் கோட்பாட்டை வாழ்ந்து பார்க்கிறார். தேர்தலில் தோற்றபின் வென்றவரின் செயற்குழுவில் இணைந்து பணியாற்றுபவர், மக்களாட்சிக்கு அடிப்படையான பண்பொன்றைக் கற்கிறார். விதிமுறையைத் திருத்த முனையும் செயலாளர், ஒரு சொல்லின் மாற்றம் எத்தனை பேரின் உரிமையைத் தொடும் என்பதை உணர்கிறார்.

எனினும், பல கழகங்களில் பெயரளவில் உறுப்பினராவதால் இப்பயன் விளையாது. முதலாண்டில் ஒரு கழகத்தைத் தேர்ந்து, கூட்டக் குறிப்பெழுதுதல் போன்ற சிறு பொறுப்பிலிருந்து தொடங்குதலே தக்கது. தமிழ் மாணவர் தமிழ்க் கழகத்தோடு அமையாது, பல்லினத்தவர் கூடும் கழகமொன்றிலும் பங்கேற்பாராயின், பன்மைச் சமுதாயத்தில் இணக்கம் காணும் முறையையும் அறிவர். அதற்கு ஊக்கமளித்தல் ஆசிரியர் கடனாகும்.