அண்ணன்மார் முகங்கள்

பொன்னர், சங்கர் என்னும் சகோதரர் இருவரும், அவர்தம் தங்கை தங்காளும் வாழ்ந்து மறைந்த அண்ணன்மார் கதையைக் கொங்கு நாட்டு மக்கள் பல தலைமுறைகளாகக் காதால் கேட்டே கண்டு வந்தனர். உடுக்கையடித்துப் பாடகர் விடியவிடியப் பாட, கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் ஆக்ரோஷத்தையும், அதனை மடக்கிய சிறு நாயின் சாமர்த்தியத்தையும், படுகளத்தில் தங்காள் புலம்பும் சோகத்தையும் அவரவர் மனக்கண்ணில் அவரவரே எழுதிக்கொண்டனர். கல்லிலும் மண்ணிலும் சுதையிலும் அமைந்த அண்ணன்மார் கோயில் உருவங்களோ, செய்தவர் கைப்பழக்கத்தை ஒட்டி, ஊருக்கு ஊர் வேறு மீசையும் வேறு குதிரையும் பெற்று விளங்கின.

காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிச் சமூக ஆராய்ச்சி நடத்திய பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், 1965-ல் ஈ. சி. ராமசாமி என்ற பாடகர் பாடிய இக்கதையை, ஏறத்தாழ 38 மணி நேரம் ஓடும் ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். அதன் பாடம் 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாக நூல் வடிவம் பெற்றது. பின்னர் அவரே இதனை 26 பகுதிகள் கொண்ட சலனச் சித்திரத் தொடராகவும் ஆக்கினார்; அவருடைய சேகரிப்புகள் கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ நூலகத்தில் டிஜிட்டல் வடிவில் பேணப்படுகின்றன.

காந்தப்பூச்சுக் கொண்ட ஒலிநாடா ஈரத்தாலும் காலத்தாலும் சிதைவது. பிரதிக்குப் பிரதி தெளிவு குன்றுவது. ஒலியையும் சித்திரத்தையும் எண்களாக மாற்றிவிட்டாலோ, ஆயிரமாவது பிரதியும் மூலத்திற்குச் சமமாகவே இருக்கும். கடல் கடந்து வாழும் கொங்குக் குடும்பத்துக் குழந்தையும் அதனைக் காணலாம். இது மகத்தான உபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இரவில் கேட்டவர் மனந்தோறும் வெவ்வேறாக விளங்கிய சங்கருக்கு, திரையில் ஒரே முகம் அமைந்துவிடுகிறது. எளிதில் கிடைக்கும் சித்திரமே நாளடைவில் உண்மைச் சித்திரமாகக் கருதப்படுவது மனித சுபாவம். கும்பாபிஷேகத்தின்போது பழைய உருவங்களுக்குப் புது வர்ணம் பூச வருபவர், கைபேசியில் கண்ட முகத்தையே பின்பற்றுவாரானால், அவ்வூரார் தமக்கென்று வைத்திருந்த வடிவம் எவரும் அறியாமலே மறைந்துபோகும்.

இந்த அபாயத்திற்குப் பரிகாரமும் டிஜிட்டல் காப்பகத்திடமே உண்டு. அச்சுநூல் ஒரு பாடத்தை நிர்ணயித்துப் பிற பாடங்களை அடிக்குறிப்பில் ஒதுக்குகிறது. திரைப்படமும் ஒரு நடிகரின் முகத்தையே பாத்திரத்தின் முகமாக்குகிறது. காப்பகத்திற்கு இத்தகைய இடநெருக்கடி இல்லையாதலால், ஒரே படுகளக் காட்சியைப் பல பாடகர் பாடியவாறும், பல கோயில்களில் வடித்தவாறும் அடுத்தடுத்து வைக்கலாம். ஊர், ஆண்டு, பாடியவர், செய்தவர் ஆகிய விவரங்களைச் சேர்த்தெழுதினால் எது எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.

இப்பணிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. கொங்கு நாட்டுக் கல்லூரி ஒவ்வொன்றும், அடுத்த கும்பாபிஷேகத்திற்கு முன்பாகத் தன் சுற்றுவட்டாரத்து அண்ணன்மார் உருவங்களைப் படமெடுத்து, ஊர்ப் பெரியோர் சொல்லும் கதைபேதங்களையும் அவர்தம் சம்மதத்தோடு பதிந்து வைக்குமாயின், டொராண்டோவில் உள்ள ஒரு பாடத்திற்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பாடங்களும் நிற்கும். எந்த முகத்தைத் தமதென்று ஏற்பது என்பதை வருங்காலத்தவர் தாமே தீர்மானித்துக்கொள்வர்.