இயக்குநர் மாறினால் எது மாறக்கூடாது?

சண்டைப் படமொன்று தொடராக வளரும்போது இயக்குநர் விலகினால், அடுத்தவர் எதைக் காக்க வேண்டும்?

சூர்யாவின் ‘சிங்கம்’ வரிசையில் மூன்று படங்களையும் (2010, 2013, 2017) ஹரியே இயக்கினார். வேகம் குறையவில்லை, புதுமைதான் குறைந்தது.

அஜித்தின் ‘பில்லா’வை 2007இல் விஷ்ணுவர்தன் இயக்கினார். 2012இல் ‘பில்லா 2’ சக்ரி டோலட்டியின் கைக்கு வந்தது. அவர் பழைய கதையைத் தொடரவில்லை. இலங்கையிலிருந்து அகதியாகச் சென்ற டேவிட், பில்லாவாக உருவான கதையைச் சொன்னார்.

‘மிஷன் இம்பாசிபிள்’ முதல் ஐந்து படங்களுக்கும் ஐந்து இயக்குநர்கள். பாணிகள் வேறு, ஈதன் ஹண்டும் அந்தப் பழகிய இசையும் மாறவில்லை.

ஆகவே, காக்க வேண்டியது முன்னவரின் பாணியை அல்ல, பாத்திரத்தின் இயல்பை. ஆண்டுதோறும் கைமாறும் நம் மாணவியர் மன்றங்களுக்கும் இது பொருந்தும்: பழைய நிகழ்ச்சிநிரலைவிட, மன்றம் தொடங்கப்பட்ட நோக்கமே பெரிது.