தண்ணீர் கட்டுவதற்கு முன்பே விழும் விரிசல்

ஆவணி முகூர்த்தத்துக்கு வீடு தயாராக வேண்டும் என்று கத்திரி வெயிலிலேயே தளம் போடுகிறார்கள். மறுநாள் காலை மேலே ஏறிப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். "0.3 மி.மீ. அகல விரிசல் வரை ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது என்கிறார் இன்ஜினியர், நம்பலாமா?" என்று பலர் கேட்கிறார்கள்.

ஐ.எஸ். 456 என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. இன்ஜினியர் சொல்வது அரை உண்மை. விரிசலால் கெடுதல் இல்லாத இடத்துக்குத்தான் 0.3. மழையும் ஈரமும் படும் இடத்துக்கு அதே விதி 0.2 என்கிறது, கடுமையான சூழலுக்கு 0.1. அதுவும் இறுகிய காங்கிரீட் சுமை தாங்கும்போது விழும் விரிசலுக்கான கணக்கு. உங்கள் தளத்தில் விழுந்தது வேறு வகை.

கொட்டிய காங்கிரீட்டில் ஜல்லியும் சிமெண்டும் கீழே அமரும், தண்ணீர் மேலே கசியும். அதனால்தான் தளம் முதலில் பளபளக்கிறது. கசிந்து வருவதைவிட ஆவியாவது அதிகமானால் பளபளப்பு போய்விடும். சிமெண்டுத் துகள்களுக்கு இடையில் மிஞ்சிய நீர் உள்வளைந்து, துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது, அடியில் இருப்பது நகர மறுக்கிறது. இழுவையைத் தாங்கும் பலம் அந்த நேரத்தில் காங்கிரீட்டுக்குத் துளியும் கிடையாது. கிழிந்துவிடுகிறது. சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டர் ஆவியானால் ஆபத்து என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு. வெயிலை மட்டும் திட்டிப் பயனில்லை. மொட்டை மாடியில் அடிக்கும் காற்றும் சமபங்கு குற்றவாளி.

இதெல்லாம் முதல் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாமோ மறுநாள் காலைதான் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். வெயில் காலத்தில் குறைந்தது 10 நாள், பி.பி.சி. (போசலானா கலந்த) சிமெண்டு என்றால் 14 நாள் கியூரிங் அவசியம்தான். ஆனால் ஏற்கெனவே கிழிந்ததை அது ஒட்டாது. மாலையில் கொட்டுங்கள். சென்ட்ரிங் பலகையை முன்பே நனையுங்கள். மட்டம் தட்டிய கையோடு பாலிதீன் ஷீட்டால் மூடுங்கள். இளகி இருக்கும்போதே கோடு தெரிந்தால் மட்டப்பலகையால் மறுபடி அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். சிமெண்டுத் தூள் தூவி மெழுகுவது மறைக்கும் வேலை மட்டுமே.

"கியூப் டெஸ்ட் பாஸ்" என்ற சான்றிதழைக் காட்டினால் அதை முழுப் பதிலாக ஏற்காதீர்கள். சோதனைக்காக வார்த்த 15 செ.மீ. காங்கிரீட் கட்டி 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் 28 நாள் கிடந்தது. உங்கள் தளம் வெயிலில் கிடந்தது. கலவை சரி என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

மற்ற கேள்விகள். கலவையில் கூடுதலாகத் தண்ணீர் விடலாமா? எம்20 தரக் காங்கிரீட்டுக்கு, நனையாத மணலும் ஜல்லியும் என்றால், மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு; கூடினால் பின்னாளில் சுருக்கமும் கூடும். சிமெண்டை அதிகமாக்கினால்? சுருக்கமும் சூடும் ஏறும். பூச்சில் மட்டும் சிலந்திவலைக் கோடுகள்? பயம் வேண்டாம். பழைய வீட்டில் கம்பி போகும் வழியே நீளும் விரிசல்? உள்ளே துரு பருக்கிறது. பூசி மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.