நாணயம் எழுதப்படும் ஏடு

ஒருவர் நாணயஸ்தரா என்பதைக் கடைத்தெருவில் நாலு பேரிடம் விசாரித்து, அவருடைய தகப்பனார் காலத்து வரவுசெலவையும் கேட்டறிந்த பிறகே கடன் கொடுத்த வழக்கம் போய், கடன் மனுவில் அவர் கையெழுத்திட்ட சில நிமிஷங்களுக்குள் அவருடைய சரித்திரம் முழுவதும் வங்கி அதிகாரியின் மேஜைக்கு வந்துவிடுகிற காலம் இது. இந்தச் சரித்திரத்தைத் திரட்டி வைக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கம்பெனிகள் நம் தேசத்தில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கடன் பெற்றோரின் கணக்குகளை இவற்றுக்கு அனுப்பியே தீரவேண்டும்.

இவை கணக்கிட்டுத் தரும் 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண்ணைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு ஆதாரமான அறிக்கையைப் படிப்பவர் சிலரே. அதில் ஒவ்வொரு கடனின் கீழும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். தவணையை உரிய நாளில் கட்டிய மாதத்துக்கு 000 என்றும், முப்பது நாள் தாமதித்திருந்தால் 030 என்றும் பதிவாகும். வட்டியில் தள்ளுபடி பெற்று, பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டவர் தம் கடன் தீர்ந்தது என்று நிம்மதியடைகிறார். அறிக்கையிலோ அது ‘செட்டில்ட்’ என்றே நிற்கும், முழுதும் கட்டியதாகக் கருதப்படாது. மிகுந்த விசனம் தருவது ஜாமீன்தாரரின் நிலை. சிநேகிதருக்காகப் போட்ட ஒரு கையெழுத்தை அவர் மறந்தே போயிருப்பார். அந்தக் கடன் அவருடைய அறிக்கையிலும் இடம்பெற்று, சிநேகிதர் தவணை தவறிய செய்தி, தம் மகளின் படிப்புக்கு அவர் கடன் கேட்கப் போகும் நாளில் தெரியவரும்.

இந்தக் கம்பெனிகள் தாமாக எதையும் கண்டறிவதில்லை; வங்கி எழுதியனுப்பியதையே தொகுக்கின்றன. ஆகவே கட்டி முடித்த கடன் நிலுவையாக நிற்பதும், ஒரே பெயருள்ள வேறொருவரின் பாக்கி நம் தலையில் ஏறுவதும் சாத்தியமே. நான்கு கம்பெனிகளில் ஒவ்வொன்றிடமிருந்தும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை நமக்கு உண்டு. பிழையைச் சுட்டிப் புகார் செய்த 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டது. கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது. கேட்காமல் இருப்பது பெருந்தவறு என்பது என் திடமான அபிப்பிராயம்.

சரக்கைக் கடனாக அனுப்பும் வியாபாரிக்கு வேறு தேடலும் அவசியம். நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதுபோல, சரக்கை வாங்கும் கம்பெனியின் ஆஸ்திகள் எந்த வங்கியிடம் அடமானமாகியிருக்கின்றன என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேட்டில் அவர் பார்த்துக்கொள்ளலாம். 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தின்கீழ் அந்தக் கம்பெனியின் மீது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றுவிட்டால், பாக்கிக்காக வழக்குத் தொடரும் வழி அடைபட்டு, பொது அறிவிப்பில் கண்ட தேதிக்குள் தம் கோரிக்கையைத் தாக்கல் செய்வதே மிஞ்சும். அறிவிப்பு பத்திரிகைகளிலும் திவால் வாரியத்தின் இணையதளத்திலும் வெளியாகும். அதைக் கவனியாதவரின் பணம் பெரும்பாலும் போனதுதான்.

எதிரில் இருப்பவர் கம்பெனியல்லாத தனி மனிதரானால் தேடல் இன்னும் கடினம். ஊரார் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று சொல்லும் அந்தத் திவால் மனு, சென்னை நகரில் 1909-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படியும், மற்ற ஜில்லாக்களில் 1920-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படியுமே பெரும்பாலும் இன்றும் விசாரிக்கப்படுகிறது. திவாலானவர் என்ற உத்தரவு சர்க்கார் கெஜட்டில் பிரசுரமாகும். ஆனால் அதைத் தினமும் புரட்டுகிற வியாபாரி யார்? கடன் கேட்பவரின் பெயரோடு அவருடைய தகப்பனார் பெயரையும் தொழில் செய்யும் ஊரையும் வைத்துக்கொண்டு, அந்த ஊருக்குரிய கோர்ட்டின் வழக்குப் பட்டியலில் தேடிப் பார்ப்பதே வழி. கைமாற்றாகவும் சரக்காகவும் கடைத்தெருவில் அவர் வாங்கிய கடன்கள் அந்த நான்கு கம்பெனிகளின் ஏடுகளில் சாதாரணமாக ஏறுவதே இல்லை.