பட்டம் இல்லாத வாக்காளர் யாரை நம்புகிறார்?

"படித்தவன் யோசித்து ஓட்டுப் போடுகிறான், படிக்காதவன் அரிசி மூட்டையைப் பார்த்து ஓட்டுப் போடுகிறான்." தேர்தல் வந்தால் போதும், காப்பிக் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பெரும்பாலும் தோட்டப்புற இந்தியர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்லப்படுகிறது. இது உண்மைதானா? கோலா சாவா வட்டாரத்தை உள்ளடக்கிய ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியின் கதையைப் பார்த்தால் வேறு விதமாக எண்ணத் தோன்றும்.

2018 ஏப்ரல் 28ஆம் தேதி, வேட்புமனுத் தாக்கலின்போது, கெஅடிலான் கட்சியின் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம், நுழைவு அட்டை இல்லை என்று மையத்தின் வாசலிலேயே தடுக்கப்பட்டார். இதனால் தேசிய முன்னணியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. மே 9ஆம் தேதி நாடே ஆட்சியை மாற்றிய நாளில், ரந்தாவ் மக்களுக்குச் சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்த வெற்றியைச் செல்லாது என்றது. கூட்டரசு நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அதை உறுதிப்படுத்தியது. ஏப்ரல் 13ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது.

நியாயப்படி பார்த்தால், அநீதி இழைக்கப்பட்டவர் ஒரு தமிழர், ஒரு மருத்துவர். மத்தியிலும் மாநிலத்திலும் அவருடைய கூட்டணியின் ஆட்சி. அனுதாப அலை வீசியிருக்க வேண்டும். நடந்தது என்ன? முகமட் ஹசான் 10,397 வாக்குகள், டாக்டர் ஸ்ரீராம் 5,887 வாக்குகள். பெரும்பான்மை 4,510.

தொகுதியில் மலாய் வாக்காளர்கள் பாதிக்குச் சற்று மேல். இந்தியர்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல். முகமட் ஹசான் பெற்றதோ 63 விழுக்காடு. மலாய்க்காரர்கள் அனைவருமே அவருக்கு வாக்களித்திருந்தாலும் கணக்கு அந்த அளவை எட்டாது. மற்ற இனத்தவரின் வாக்கும் அவருக்குச் சேர்ந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

தெரிந்த முகம்

முகமட் ஹசான் ரந்தாவ் மண்ணில் பிறந்தவர். 2004 முதல் 2018 வரை நெகிரி செம்பிலானின் மந்திரி பெசார். பதினான்கு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவரை 'தோக் மாட்' என்றே ஊர் அழைக்கிறது.

தோட்டத்துப் பாட்டாளிக்கு அரசாங்கம் என்பது என்ன? பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம், வயதான தாய்க்குச் சமூகநல உதவி, கோயில் நிற்கும் நிலம், தமிழ்ப்பள்ளிக் கூரை, மூடப்படும் தோட்டத்தில் வீடு. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரம், ஓர் அலுவலகம், மலாய் மொழியில் ஒரு கடிதம் உண்டு. பட்டம் பெற்றவர் தாமே போய் முகப்பில் நின்று கேட்டுவிடுவார். ஆறாம் வகுப்போடு மரம் வெட்டப் போனவருக்கு நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறார். ஒரு காலத்தில் அந்த ஆள் கங்காணி. பின்பு தோட்டத்துக் கிராணி. அதன் பின்பு ம.இ.கா. கிளைத் தலைவர். ஆகவே அவர் வேட்பாளரின் கொள்கையை விட, அவர் வீட்டுக் கதவு திறக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். அதை அறியாமை என்று சொல்ல முடியுமா? அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

வாக்குறுதி யாருக்கு?

2018இல் ஹராப்பான் கூட்டணி கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாத பட்டதாரிகள் பிடிபிடிஎன் கல்விக் கடனைத் தள்ளிக் கட்டலாம் என்பது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காத குடும்பத்திற்கு அதில் என்ன கிடைக்கும்? அந்தக் குடும்பத்தைத் தொட்ட வாக்குறுதி குறைந்தபட்சச் சம்பளம். முதல் தவணைக்குள் 1,500 ரிங்கிட் என்றார்கள். 1,050 என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2019 ஜனவரியில் 1,100 ஆக்கினார்கள். ஜிஎஸ்டி வரி 2018 ஜூனில் பூஜ்யமானது உண்மை. ஆனால் இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலை நூறு நாளில் தீர்ப்போம் என்ற வாக்குறுதி நூறு நாளில் முடியவில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த நூறு நாளை வீடே எண்ணிக்கொண்டிருக்கும்.

பட்டதாரி மேல் வெறுப்பா?

அதுவும் இல்லை. சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழில் பேசி மக்களைக் கட்டிப்போட்ட சாமிவேலு 1974 முதல் அங்கே வென்றுவந்தார். 2008இல் அவரைத் தோற்கடித்தவர் டாக்டர் ஜெயக்குமார் என்ற மருத்துவர். 1999இலும் 2004இலும் தோற்றவர் அவர். தோற்ற பிறகும் தொகுதியை விட்டுப் போகவில்லை. தோட்டப் பாட்டாளிகளின் வீடு, சம்பளப் பிரச்சினைகளில் கூடவே நின்றார். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு கோபம் மூண்டபோது, மக்கள் கைகாட்ட ஒரு தெரிந்த முகம் இருந்தது. தோட்ட மக்கள் பட்டத்தைத் தள்ளவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் வந்து போகிறவரைத்தான் தள்ளுகிறார்கள்.

இது மலேசியாவில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்காவில் ஹிஸ்பானியர்கள் ஜனநாயகக் கட்சியின் நிரந்தர வாக்கு வங்கி என்று நம்பப்பட்டவர்கள். 2020இலும், அதைவிட அதிகமாக 2024இலும், அவர்களில் பலர் டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களிடம் இந்தச் சாய்வு குறிப்பாகப் பேசப்பட்டது. விலைவாசியும் வேலையும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. சிறுபான்மையினர் என்றால் இப்படித்தான் வாக்களிப்பார்கள் என்று எண்ணிய கட்சிக்கு அங்கேயும் ஏமாற்றமே.

உதவியும் உரிமையும்

ஆனாலும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. கதவைத் தட்டினால் திறக்கும் தலைவர் நல்லவர்தான். ஆனால் பிறப்புப் பத்திரத்துக்கு ஏன் ஒரு தலைவரின் கதவைத் தட்ட வேண்டும்? கோயில் நிலத்துக்குப் பட்டாவும் தோட்டத்தை விட்டு வெளியேறுபவருக்கு வீடும் சட்டப்படி கிடைத்துவிட்டால், அவற்றை யாரும் தேர்தலுக்கு முந்திய வாரத்தில் பரிசாகக் கொடுக்க முடியாது. உதவியாக வந்தது அடுத்த தேர்தலில் நின்றுபோகலாம். உரிமையாக வந்தது நிற்காது.

2023 மாநிலத் தேர்தலில் தேசிய முன்னணியும் ஹராப்பானும் ஒரே அணியாக நின்றன. முகமட் ஹசான் ரந்தாவில் மறுபடியும் வென்றார். 2019இல் எதிரெதிராக நின்றவர்கள் கைகோர்த்துக்கொண்டால், வாக்காளரின் பேரம் பேசும் பலம் குறையவும் கூடும்.

அடுத்த வேட்பாளர் கோலா சாவாவுக்கு வரும்போது, அரிசியை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. கூடவே மூன்று கேள்விகளையும் கேட்டு வைக்கலாம். போன தடவை சொன்னதில் எது முடிந்தது? முடியாதது எந்த அலுவலகத்தில் நிற்கிறது? தோற்றுப்போனாலும் இந்தப் பக்கம் வருவீர்களா? இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை.