மூடிய டேப் மீண்டும் திறக்கும்

உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது கை தவறி டேப்பை மூடிவிட்டவர், எல்லாம் போயிற்றே என்று பதற வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘டி’ விசையைத் தட்டினால், குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எதுவாயினும் கடைசியாக மூடிய டேப் திரும்ப வந்து நிற்கும். மறுபடி தட்டினால் அதற்கு முன் மூடியது வரும். ஆப்பிள் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. பக்கம் மீண்டாலும், அதில் தட்டச்சு செய்த விவரங்கள் அனைத்தும் மீளும் என்பது நிச்சயமில்லை.

சொந்தக் கணினியில் வரப்பிரசாதமாக இருக்கும் இந்தச் சௌகரியமே, பலர் வந்துபோகும் பிரவுசிங் சென்டரில் பெரும் அபாயமாகிவிடக்கூடும். ஒருவர் தம் மின்னஞ்சலைத் திறந்து, ஆதார் நகலை அச்சிட்டுக்கொண்டு, லாக் அவுட் செய்யாமல், டேப்பின் ஓரத்திலுள்ள பெருக்கல் குறியை மட்டும் சொடுக்கிவிட்டு எழுந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அதே நாற்காலியில் அமர்பவர் அந்த மூன்று விசைகளை அழுத்தினால், முன்னவரின் அஞ்சல் பெட்டி கடவுச்சொல் கேளாமலே திறந்துகொள்ளும். ஏனெனில், டேப்பை மூடுவது பக்கத்தைக் கண்ணுக்கு மறைக்கிறதேயன்றி, அவர் உள்ளே பிரவேசித்ததற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயை அழிப்பதில்லை. வங்கித் தளங்கள் சில நிமிஷங்களில் தாமாகவே வெளியேற்றிவிடும்; மின்னஞ்சல் அப்படியன்று. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் வந்து சேருவதும் அந்தப் பெட்டிக்கே என்பதை நினைத்தால், விபரீதம் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும்.

ஆகையால் பொதுக் கணினியில் லாக் அவுட் செய்த பிறகே டேப்பை மூட வேண்டும். மூடியதும் குக்கீகளை விட்டுவைக்காத இன்காக்னிட்டோ சாளரத்தில் வேலை செய்து, முடிந்ததும் அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடிவிடுவது இன்னும் உத்தமம். மறந்து வந்துவிட்டால், கைப்பேசியிலிருந்தே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, அந்தக் கணினியை அங்கிருந்தபடியே வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம். சென்டர் நடத்துவோர் குரோமை விருந்தினர் முறையில் திறந்து கொடுத்தால், சாளரங்களை மூடியவுடன் வரலாறும் குக்கீகளும் தாமே அழிந்துபோகும். செலவில்லாத இந்த ஏற்பாட்டை அவர்கள் தம் கடமையாகவே கருத வேண்டும்.

பிறர் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்ப்பது விளையாட்டன்று; அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அந்நியர் எவரேனும் கணக்கில் நுழைந்து பணத்தை எடுத்துவிட்டார் என்று தெரிந்தால், யாரிடம் சொல்வது என்று கூச்சப்பட்டுக் காலதாமதம் செய்யாதீர்கள். அந்தக் கணமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.